காலடி மண்ணுக்கேற்ற விட்ச்கிராஃப்ட்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

விட்ச்கிராஃப்ட், அதாவது இயற்கையின் பருவங்களை ஒட்டிச் செய்யும் சடங்குப் பயிற்சி பற்றிய அறிமுக நூல்களில் பெரும்பாலும் ஒரே விழா அட்டவணைதான் இருக்கும். அக்டோபர் 31 சவின், டிசம்பர் 21 வாக்கில் யூல், பிப்ரவரி 1 இம்போல்க், மார்ச் 20 வாக்கில் ஒஸ்டாரா, மே 1 பெல்டேன், ஜூன் 21 வாக்கில் லித்தா, ஆகஸ்ட் 1 லூனசா, செப்டம்பர் 22 வாக்கில் மேபன். பனி உருகி முதல் மொட்டு அரும்புவதாக நூல் சொல்லும் நாளில் உங்கள் ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தலாம், மழை கொட்டலாம். புதியவர்கள் பலர் அப்போது வெளியே பார்ப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உள்ளதை நடிக்கத் தொடங்குகிறார்கள். சில மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

இந்த எட்டு விழாவும் ஒரே சக்கரமாகக் கோக்கப்பட்டது 20ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரிட்டனில். பழைய சூனியச் சட்டம் அங்கே 1951இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு விக்கா என்ற நவீன விட்ச்கிராஃப்ட் சமயத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதிய ஜெரால்ட் கார்ட்னரும், பழைய கெல்டிக் பூசாரிகளை முன்மாதிரியாகக் கொண்ட ட்ரூயிட் மரபைச் சேர்ந்த ராஸ் நிக்கல்ஸும் இதற்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள். எட்டில் நான்கு நாள் சூரியனைச் சார்ந்தவை. மற்ற நான்கும் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்து மேய்ச்சல், உழவு வாழ்க்கையிலிருந்து வந்தவை. மாட்டைக் கோடை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும் காலம் பெல்டேன். திரும்பக் கொண்டுவந்து கட்டும் காலம் சவின். ஆடுகளுக்கு மடி நிறையும் காலம் இம்போல்க். தானிய அறுவடை தொடங்கும் காலம் லூனசா. ஒரு நிலத்தில் வாழ்ந்தவர்கள் அந்த நிலத்தைப் பார்த்து எழுதிய கணக்கு அது. உங்கள் நிலத்துக்கும் அப்படி ஒன்றை எழுதிக்கொள்ளலாம். முழுதாக ஒரு வருடம் பிடிக்கும், குறுக்குவழி கிடையாது.

இங்கே பேசுவது தனியாளாக, இயற்கையின் போக்கை ஒட்டிச் செய்யும் சடங்குப் பயிற்சி மட்டும். ஏவல், செய்வினை, பரிகாரம் என்று தேடி வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

எல்லையும் இருக்கையும்

முதல் வேலை, "என் இடம்" எது என்று முடிவு செய்வது. வீட்டிலிருந்து 15 முதல் 20 நிமிடம் நடந்தால் எட்டும் தூரம் போதும். அதற்கு மேல் போனால் வாரம் இருமுறை போகமாட்டீர்கள். ஒரு தாளில் கையாலேயே வரைபடம் போடுங்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே தேங்குகிறது, மிக வயதான மரம் எது, வெட்டவெளி எது, எந்தச் சுவர் மாலை வரை சூட்டை வைத்திருக்கிறது, மண் எங்கே மணல், எங்கே களி. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மொட்டைமாடியும் ஒரு ஜன்னலும் தெருவோர மரம் ஒன்றும் போதும். காடு இருந்தால்தான் இதைச் செய்ய முடியும் என்பது வெறும் நினைப்பு.

அடுத்து, அந்த எல்லைக்குள் ஒரே ஒரு இருக்கை. அமர்ந்தால் பறவையோ செடியோ வானமோ கண்ணில் படவேண்டும். தனியாக இருந்தாலும் ஆபத்தில்லாத இடமாக இருக்கவேண்டும். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம். முதல் 10 நிமிடத்துக்கு நீங்கள் வந்த சலசலப்பே அடங்காது. பறவைகள் பழையபடி இரை தேடத் தொடங்கிய பிறகுதான் உண்மையான கவனிப்பு. பத்தே நிமிடத்தில் எழுந்து போனால் உங்கள் தொந்தரவை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர் ஆவீர்கள். ஒரு முறை விடியலில், ஒரு முறை அந்தியில் என்று நேரத்தை மாற்றுங்கள். இடத்தை மாற்றாதீர்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு முறையும் எழுதவேண்டியவை: தேதி, நேரம், காற்று வரும் திசை, மேகம், நிலவின் நிலை, தரையின் ஈரம், கண்ணில் பட்ட ஒரு உயிரினம், மூக்கில் பட்ட ஒரு வாசனை. இவற்றோடு ஐந்து செடி அல்லது மரத்தைத் தேர்ந்தெடுத்து அவற்றையே வருடம் முழுக்கப் பாருங்கள்: துளிர், மொட்டு, பூ, காய், இலையுதிர்வு. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் பார்த்ததை, வலப்பக்கம் உணர்ந்ததை எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எது நடந்தது, எது உங்கள் மனநிலை என்று பிரிக்க முடியாது. கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் 1736இல் தொடங்கிய இந்த மாதிரிப் பதிவுகளை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். காரணம், எளிய வரிகள், விடாத தொடர்ச்சி.

சகுனம் பார்ப்பவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்கவேண்டும். ஒரு காகம் உங்களைப் பார்த்துக் கரைந்தால் அது செய்தியா? அந்தக் காகம் தினமும் அதே நேரத்தில் அதே கம்பத்தில் அமர்ந்து கரைகிறதா என்று தெரியாதவரை பதில் இல்லை. வழக்கம் எது என்று தெரிந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். குறைந்தது மூன்று மாதப் பதிவு கையில் வரும்வரை எதையும் சகுனமாகப் படிக்காதீர்கள்.

வானத்தைச் சரிபார்த்தல்

நிலவில் பெரிய சிக்கல் இல்லை. அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு ஏறத்தாழ 29.5 நாள், எந்த ஊரிலும் ஒன்றே. மாறுவது தோற்றம். வளர்பிறையில் வடக்கு அரைக்கோளத்தில் வலப்பக்கம் ஒளிரும், தெற்கில் இடப்பக்கம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பிறை படகு மாதிரி படுத்திருக்கும். ஆகவே "வலப்பக்கம் திரும்பிய பிறை" என்று நூலில் இருக்கும் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். முழுநிலவு சூரியன் மறையும் வேளையில் உதிக்கும். அதற்கடுத்த நாட்களில் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகிக்கொண்டே போகும். உங்கள் எதிர்க் கட்டடத்தைத் தாண்டி நிலவு எத்தனை மணிக்கு மேலே வருகிறது என்று ஒருமுறை பார்த்துக் குறித்துவிட்டால் சடங்கு நேரம் தானாக அமைந்துவிடும்.

சூரியன் விஷயம் வேறு. 50 பாகை அட்சரேகையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் எட்டு மணி நேரத்தைத் தாண்டும். 10 பாகையில் அது ஒரு மணி பத்து நிமிடம் அளவுதான். நிலநடுக்கோட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. முன்னதில் யூல் அன்று இருளிலிருந்து ஒளி திரும்புவதை உடம்பே உணரும். பின்னதில் அதைக் கொண்டாடினால் கேலண்டரைத்தான் கொண்டாடுகிறோம். வெப்பமண்டலத்தில் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல திருப்புமுனை உண்டு: நிழலில்லா நாள். 23.4 பாகை வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உள்ள எந்த ஊரிலும் வருடத்தில் இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிமிர்த்தி வைத்த குச்சியின் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். தேதி அட்சரேகையைப் பொறுத்தது. வானியல் செயலிகளில் கிடைக்கும். தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் சக்கரத்தை ஆறு மாதம் தள்ளிப்போடுவது பரவலான வழக்கம். சவின் அங்கே ஏப்ரல் கடைசிக்குப் போகும்.

சடங்குக்காக இடத்தைச் சுற்றி நடந்து வட்டம் போடும்போது "சூரியன் போகும் திசையில் சுற்று" என்று சொல்வார்கள். வடக்கே, வெப்பமண்டலத்துக்கு அப்பால், அது கடிகாரச் சுற்று. தெற்கே அப்படிப்பட்ட இடங்களில் சூரியன் வடவானத்தின் வழியாகப் போவதால் எதிர்ச்சுற்று. வெப்பமண்டலத்தில் ஒரு வேடிக்கை: ஒவ்வொரு நிழலில்லா நாளையும் தாண்டும்போது நண்பகல் சூரியன் பக்கம் மாறுகிறது, ஆகவே சுற்றும் மாறும். விரும்பினால் பருவத்துக்கேற்ப மாற்றலாம். குழப்பமாக இருந்தால் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். ஆனால் எந்தச் சுற்றில் வட்டத்தைத் திறந்தீர்களோ அதற்கு எதிர்ச்சுற்றில் மூடுங்கள்.

திசை காண, குச்சியே சிறந்த கருவி. மொட்டைமாடியில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் காந்த ஊசியையும் கைபேசி திசைகாட்டியையும் இழுத்துவிடும்.

1. சமதளத்தில் ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்தைச் சரிபாருங்கள்.
2. நண்பகலுக்கு இரண்டு மணி நேரம் முன்பு, நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். குச்சி அடியை மையமாக, அந்தக் கல் வரை ஆரமாகக் கயிற்றால் வட்டம் வரையுங்கள்.
3. நிழல் குறுகி, பிறகு மீண்டும் நீண்டு வட்டத்தைத் தொடும் இடத்தில் இரண்டாவது கல்.
4. முதல் கல்லிலிருந்து இரண்டாவது கல்லுக்கு இழுக்கும் கோடு மேற்கிலிருந்து கிழக்கு. முதல் கல் இடப்பக்கமும் இரண்டாவது வலப்பக்கமும் இருக்கும்படி நின்றால் உங்கள் முகம் வடக்கே.

மேகம் மறைத்து இரண்டாவது தொடுகையைத் தவறவிட்டால் மறுநாள் முதலிலிருந்து செய்யுங்கள். உத்தேசமாக வைத்த கல் வருடக்கணக்கில் தப்பான திசையைக் காட்டும்.

பூதங்களை எங்கே வைப்பது

சடங்கு வட்டத்தில் நான்கு பூதங்களையும் ஒவ்வொரு திசையில் வைத்து அழைப்பார்கள். நூல்களில் வழக்கமாக உள்ள அமைப்பு: கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு நிலம். தெற்கே நண்பகல் சூரியனும் மேற்கே பெருங்கடலும் உள்ள தீவில் இது கண்ணுக்கு எதிரே பொருந்தும். உங்களுக்குக் கடல் கிழக்கே இருந்தால் மேற்கைப் பார்த்து நீரை அழைப்பது ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது போல. எல்லைக்குள்ளோ அதை அடுத்தோ இருக்கும் பெரிய நீர்நிலை எந்தப் பக்கம், மேடோ பாறையோ எந்தப் பக்கம், வருடத்தின் பெரும்பகுதி காற்று எங்கிருந்து, நண்பகல் வெயில் எங்கிருந்து என்று உங்கள் பதிவிலேயே பாருங்கள். அந்த நான்கு விடையும்தான் உங்கள் அமைப்பு.

இரண்டு பூதம் ஒரே திசையில் விழுந்தால், கண்ணால் காணக்கூடியதற்கு அந்தத் திசையைக் கொடுத்துவிட்டு மற்றதைத் தலைக்கு மேலோ மையத்திலோ வைக்கலாம். நெருப்பை மையத்தில் வைப்பது பலருக்கு இயல்பாக அமைகிறது. காற்று அரை வருடம் ஒரு பக்கமும் அரை வருடம் எதிர்ப்பக்கமும் வீசும் இடங்களில் அதற்கு இரண்டு இடம் கொடுப்பதில் தவறில்லை. ஒரு அமைப்பைத் தேர்ந்தபின் மூன்று நிலவு மாதமாவது மாற்றவேண்டாம். ஒவ்வொரு முறையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒப்பிடவே முடியாது. குழுவாகச் செய்பவர்கள், தீட்சை பெற்ற மரபில் இருப்பவர்கள், தனிப்பயிற்சியில் மட்டும் இந்த மாற்றத்தை வைத்துக்கொள்வது நல்லது.

சொந்த நாட்காட்டி

ஒரு வருடப் பதிவைத் தரையில் பரப்பி வைத்துப் படியுங்கள். நிலம் உண்மையிலேயே முகம் மாற்றிய நாட்கள் நான்கு முதல் ஆறு வரை தென்படும். முதல் மழை, ஒரு மரம் முழுதாக இலை உதிர்த்தது, வலசைப் பறவை வந்தது, குளம் அடிமட்டத்துக்கு இறங்கியது, முதல் குளிர் இரவு. எட்டு வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. இடைவெளி சமமாக இருக்கவேண்டும் என்றும் இல்லை.

ஒவ்வொரு விழாவுக்கும் தேதிக்குப் பதில் அடையாளம் எழுதுங்கள், அதுவும் அளக்கக்கூடியதாக. "மழை தொடங்கும்போது" என்று எழுதினால் சாரலுக்கெல்லாம் சந்தேகம் வரும். "மழை பெய்த மறுநாள் காலை, இருக்கைக்கு அருகே மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் நுழைத்தால் அதுவரை ஈரம்" என்றால் சந்தேகமில்லை. "அந்த மரம் பூக்கும்போது" என்பதைவிட "தரையில் முதல் உதிர்ந்த பூ". அடையாளத்தோடு ஒரு காலவரம்பும் சேருங்கள், எடுத்துக்காட்டாக முந்தைய வருடத் தேதிக்கு முன்னும் பின்னும் ஆறு வாரம். அதற்குள் வராவிட்டால்? விழாவை ரத்து செய்யாதீர்கள். வராததையே அன்றைய பொருளாக்குங்கள்: காலி கிண்ணத்தைச் சடங்கு மேடையில் வையுங்கள், தாகத்தில் இருக்கும் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். வறட்சியை மறைத்து மழைப்பாட்டுப் பாடுவதைவிட அது நேர்மையானது. கியோட்டோவில் செர்ரி பூத்த நாள் பற்றிய குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. அந்த நாளும் இப்போது முன்னே நகர்ந்துவிட்டது. உங்கள் அடையாளங்களும் நகரும்.

மூலிகைக்கு மாற்று

இங்குதான் பணமும் பாதுகாப்பும் அதிகம் வீணாகின்றன. கட்டாகக் கட்டி எரிக்கும் வெள்ளை சேஜ் என்ற வாசனைச் செடி தெற்குக் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோப் பகுதியிலும் மட்டும் இயல்பாக வளர்வது. அந்த மண்ணின் பழங்குடிகளுக்குப் புனிதமானது. திருட்டுத்தனமாக வெட்டி விற்பதால் காட்டில் அருகி வருகிறது. கடல் தாண்டி அதை வரவழைப்பதற்கு இந்தப் பயிற்சியில் எந்தத் தேவையும் இல்லை.

நூலில் உள்ள மூலிகைக்கு மாற்றுத் தேடும்போது "இதே போன்ற செடி எது" என்று கேட்காதீர்கள், "இது எதற்காகப் பட்டியலில் இருக்கிறது" என்று கேளுங்கள். வாசனைக்காகவா, முள்ளுக்காகவா, எப்போதும் பச்சையாக இருப்பதற்காகவா, சிவப்புப் பழத்துக்காகவா, அந்தப் பருவத்தில் அது மட்டுமே பூப்பதற்காகவா? காவலுக்கு முள் என்றால் உங்கள் வேலியில் உள்ள முள்ளே போதும். பனிக்காலத்தில் வாடாத பச்சை என்பதற்கு, கடும் வறட்சியிலும் இலை உதிர்க்காத மரம் இணை.

தேர்ந்த செடியை உறுதியாக அடையாளம் காணாமல் தொடாதீர்கள். இலை அமைப்பு, பூ, தண்டு அல்லது பால் என்று மூன்று அம்சமாவது பொருந்தவேண்டும். முடிந்தால் இரண்டு பருவத்தில் பாருங்கள். வட்டாரப் பெயர் ஊருக்கு ஊர் வேறு செடியைக் குறிக்கும் என்பதால் அறிவியல் பெயரையும் எழுதிவையுங்கள். அரளியை எரிக்கவே கூடாது, அதன் புகையும் நஞ்சு. ஊமத்தையின் எல்லாப் பகுதியும் ஆபத்து. ஆமணக்கு விதை, குன்றிமணி இரண்டையும் துளையிடவோ இடிக்கவோ கூடாது. தெரியாத பால் வடியும் எதுவும் கண்ணுக்கு எதிரி. சடங்குச் செடியை உண்பதோ கஷாயம் வைப்பதோ இந்தப் பயிற்சியில் சேராது.

பறிக்கும் அளவு: முதலில் உதிர்ந்தது. அது போதாவிட்டால் இருபது தண்டுக்கு ஒன்று. இருபது தண்டு இல்லாத இடத்தில் ஒன்றும் இல்லை. நிலம் யாருடையது என்று பாருங்கள்; காப்புக்காட்டில் உதிர்ந்த இலையும் சட்டப்படி உங்களுடையதாக இருக்காது. இறகுக்கும் இதே எச்சரிக்கை: அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி, பெரும்பாலான உள்நாட்டுப் பறவைகளின் இறகைத் தரையிலிருந்து எடுத்து வைத்திருப்பதே குற்றம். ஆக்கிரமிப்புக் களையாக இருந்தால் தாராளமாகப் பறிக்கலாம், விதை சிதறாமல். சாலையோரமும் மருந்து தெளித்த வரப்பும் வேண்டாம்.

உலர்த்தும்போது கட்டு விரல் பருமனுக்கு மேல் போகக்கூடாது. தடிமனான கட்டு வெளியே காய்ந்து உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் மிகுந்த இடங்களில் இதுவே பெரிய தோல்வி. நிழலில், காற்றோட்டத்தில், இரண்டு மூன்று வாரம். தண்டு வளையாமல் சட்டென்று ஒடிந்தால் ஆயிற்று. முதல் எரிப்பு எப்போதும் வெளியில், ஒரு சிட்டிகை மட்டும். வீட்டுக்குள் கரித்துண்டில் எரித்தால் ஜன்னல் திறந்திருக்கவேண்டும். கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடும். ஆஸ்துமா உள்ளவர்களோ கூண்டுப் பறவையோ இருக்கும் வீட்டில் புகையே வேண்டாம். இலையைத் தண்ணீரில் நனைத்துத் தெளித்தாலும் அதே வேலை நடக்கும்.

நீர், உப்பு, படையல்

வெளியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். வெப்பமான இடத்தில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். மழைநீர் பிடிப்பதானால் கூரையைக் கழுவி வரும் முதல் நீரை விட்டுவிட்டு, திறந்த வெளியில் கண்ணாடிப் பாத்திரத்தில் நேராகப் பிடியுங்கள். அது மேடைக்கு, குடிக்க அல்ல. கல்லை நீரில் ஊறவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க: செலனைட் கரைந்து கெடும், மாலகைட்டில் செம்பு, கலீனாவில் ஈயம், சின்னபாரில் பாதரசம்.

பாதுகாப்பு வட்டத்துக்கு உப்பைத் தரையில் கொட்டச் சொல்லும் குறிப்பை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் விழுந்த உப்பு வேர் நீர் எடுப்பதைத் தடுக்கும். நீங்கள் காக்க நினைத்த செடியே கருகும். வெளியில் சாம்பலும் வேண்டாம், சருகுகளால் வட்டம் போடலாம். முடிந்ததும் காலால் கலைத்துவிட்டால் வேலை தீர்ந்தது.

படையலில் தேன் வைப்பது அழகாகத் தோன்றும். ஆனால் வேறு கூட்டின் தேனில் தேனீப் புழுக்களைக் கொல்லும் நோயின் வித்துகள் இருக்கக்கூடும். உள்ளூர்த் தேனீக்கள் அதைச் சுமந்து போகும். உலர்திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. கிளையில் கட்டும் நூலும் உதிர்ந்த முடியும் பறவைக் காலில் சுற்றி விரலையே அறுக்கும். இறுக்கிக் கட்டிய துணி, கிளை பருக்கும்போது பட்டைக்குள் புதையும். வெறும் தண்ணீர், ஒரு பாட்டு, ஒரு பை குப்பை பொறுக்குதல் ஆகிய மூன்றும் எந்த நிலத்துக்கும் ஒத்துவரும். குப்பை பொறுக்குவதைப் படையலாகச் செய்பவர்கள் தங்கள் இடத்தை மற்றவர்களைவிட வேகமாக அறிந்துகொள்கிறார்கள், ஏனென்றால் குனிந்து பார்க்கிறார்கள்.

வறண்ட மாதங்களில் வெளியில் திறந்த தீ கூடாது. மற்ற மாதங்களிலும் தீயைச் சுற்றி இரண்டு மீட்டர் தூரத்துக்குச் சருகை அகற்றி, கையெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்த பிறகுதான். தணல் கையால் தொடும் அளவுக்கு ஆறும்வரை இடத்தை விட்டுப் போகாதீர்கள். மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வைப்பதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

அந்த நிலத்தில் ஏற்கெனவே யாராவது வழிபடும் மரமோ பாறையோ ஊற்றோ இருந்தால் அங்கே உங்கள் மேடையை அமைக்காதீர்கள். அவர்கள் சடங்கிலிருந்து துண்டு எடுத்து ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம். யாரும் உரிமை கொண்டாடாத ஒரு மூலை எப்போதும் கிடைக்கும்.

வீடு மாறினால் குறிப்பேட்டை மூடிப் பெட்டியில் வையுங்கள். பழைய அடையாளங்களைப் புதிய இடத்தில் பொருத்திப் பார்க்கவேண்டாம். நிலவுக் கணக்கும் குச்சி நடும் முறையும் கூட வரும். மற்றவை எல்லாம், வரைபடம், ஐந்து செடி, பூதங்களின் திசை, விழா அடையாளம், மறுபடி முதல் பக்கத்திலிருந்து. புது இடத்தில் முதல் மூன்று மாதம் அமர்ந்து பார்ப்பதும் எழுதுவதும் மட்டும். மேடை அதன் பிறகு.